ஹை பீம் போடத் தோணுதா? முதல்ல உங்க கார் லைட் மங்கலான்னு பாருங்க!

இரவு ஒன்பது மணி. தருமபுரியில் ஒரு கல்யாண வரவேற்பை முடித்துவிட்டு, பாலக்கோடு பக்கம் உள்ள தன் ஊருக்குத் திரும்புகிறது ஒரு குடும்பம். கார் வாங்கிப் பத்து வருஷம் ஆகிறது. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். மெயின் ரோட்டை விட்டு ஊர்ச் சாலையில் திரும்பியதும் தெருவிளக்கு இல்லை. காரின் லைட் சிம்னி விளக்குபோல மஞ்சளாகத் தரையில் விழுகிறது. பள்ளம் தெரியவில்லை, சாலை ஓரம் தெரியவில்லை. ஓட்டுபவரின் இடது கை தானாகவே லைட் சுவிட்சைத் தள்ளுகிறது. ஹை பீம்! ‘அப்பாடா, இப்போதுதான் தெரியுது’ என்று அவருக்கு நிம்மதி.

எதிரே பால் கேனுடன் ஒருவர் பைக்கில் வருகிறார். அவருக்கு அந்த நொடியில் சாலையே காணாமல் போய்விடுகிறது. அவருக்கு முன்னால் பத்தடியில் ஒரு கரும்பு டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்... மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், இரவில் வண்டி ஓட்டும் யாருக்கும் புதிய காட்சி அல்ல. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கார்க்காரர் திமிர் பிடித்தவர் கிடையாது. அவர் வண்டியின் லோ பீம் மங்கிப்போய்விட்டது. அதை ஈடுகட்டத்தான் ஹை பீமைப் போடுகிறார். சாலையில் நாம் திட்டித் தீர்க்கும் ஹை பீம்களில் பல, இப்படி மங்கிப்போன லைட்டிலிருந்து பிறப்பவை. அந்த மங்கலைச் சரிசெய்ய, பெரும்பாலும் ஒரு மதிய நேரமும் கொஞ்சம் உப்புத்தாளும் போதும்!

ஏன் பாலக்கோடு பக்கம் இது முக்கியம்?

தக்காளி மார்க்கெட்டுக்கும் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கும் பேர்போன ஊர் பாலக்கோடு. தக்காளி ஏற்றிய மினி லாரிகள், கரும்பு டிராக்டர்கள், மாம்பழ சீசனில் மாங்காய் வண்டிகள், ஓசூர், பெங்களூரு போகும் கார்கள், விடிவதற்கு முன்பே பால் ஊற்றக் கிளம்பும் டூவீலர்கள் என்று எல்லாமே ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்கின்றன. மார்கழியில் பனி வேறு இறங்கும்.

சேலம் போகும் நாற்கரச் சாலையில், நடுவில் அரளிச் செடிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்கு மட்டும் வைத்தவை அல்ல. எதிர்ப்பக்க வண்டியின் வெளிச்சம் நம் கண்ணில் விழாமல் தடுப்பதும் அவற்றின் வேலை. ஆனால் மாரண்டஅள்ளி, பஞ்சப்பள்ளி பக்கம் போகும் ஊர்ச் சாலைகளுக்கு நடுவே செடி ஏது? அங்கே அந்த அரளிச் செடியின் வேலையை ஓட்டுபவரின் கைதான் செய்ய வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் புரியும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். கண் கூசியவர் மீண்டும் பார்வை தேற 3 நொடி ஆகிறது என்றால், அதற்குள் 50 மீட்டர் போய்விடுவார். நான்கு பஸ்களை வரிசையாக நிறுத்தும் தூரம் அது. அவ்வளவு தூரத்தையும் அவர் குத்துமதிப்பாகத்தான் ஓட்டுகிறார். வயது ஏற ஏற, கண் தேறுவதற்கு இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

லைட் ஏன் மங்குகிறது? வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம்

மெக்கானிக்கிடம் போவதற்கு முன், இருட்டிய பிறகு ஒரு சுவருக்கு முன்னால் காரை நிறுத்தி லைட்டைப் போடுங்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

1. ஒரு பக்கம் மங்கலா, இரண்டு பக்கமுமா?
ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் அந்தப் பக்கத்து பல்பு, ஹோல்டர், எர்த் ஒயர் மூன்றில் ஒன்றில்தான் கோளாறு. இரண்டுமே மங்கல் என்றால் கண்ணாடி மூடி, பேட்டரி, ஆல்டர்னேட்டர், சுவிட்ச், ரிலே பக்கம் பார்க்க வேண்டும்.

2. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிரகாசம் கூடுகிறதா?
வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில் இருக்கட்டும். ஒருவர் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்க, இன்னொருவர் சுவரைப் பார்க்கட்டும். ரேஸ் செய்யும்போது மட்டும் வெளிச்சம் தெளிவாகக் கூடினால், சார்ஜிங்கில் பிரச்னை இருக்கலாம். தளர்ந்த பெல்ட், பலவீனமான ஆல்டர்னேட்டர், பூத்துப்போன பேட்டரி டெர்மினல் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

3. மூடி மஞ்சளாக இருக்கிறதா?
பகலில், லைட் போடாமல் பாருங்கள். இப்போதைய கார்களின் ஹெட்லைட் மூடி கண்ணாடி கிடையாது. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். வருஷக்கணக்கில் வெயில் பட்டால் மேல்பூச்சு கரைந்து மஞ்சளாகி, பால் படிந்ததுபோல ஆகிவிடும். எப்போதும் வெயிலில் நிற்கும் கார்களில் இது சீக்கிரமே வரும். உள்ளே எவ்வளவு நல்ல பல்பு போட்டாலும் இந்த மூடி பாதி வெளிச்சத்தை விழுங்கிவிடும். மிச்சத்தையும் கண்டபடி சிதறடித்து எதிரே வருபவர் கண்ணில் கொட்டும்.

சரி செய்வது எப்படி?

மூடியை மெருகேற்றுங்கள்: டூத் பேஸ்ட் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கும். ஆகும், ஆனால் சில வாரங்களுக்குத்தான். நிலைக்க வேண்டும் என்றால், பெயின்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரை 1000, 2000, 3000 என்று எண் வரிசையில் வாங்கி, தண்ணீர் விட்டு மெதுவாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கோட்டிங் கொடுக்க வேண்டும். அந்தக் கோட்டிங்கை விட்டுவிட்டால் மூடி மீண்டும் மஞ்சளாகும். சுற்றியுள்ள பெயின்ட் மேல் கீறல் விழாமல் டேப் ஒட்டிக்கொள்ள மறக்க வேண்டாம்.

மூடிக்கு உள்ளே நீர் கோத்திருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சுக் கிண்ணமும் நாளடைவில் கறுத்துவிடும். அப்படிக் கறுத்த லைட்டுக்குப் பாலிஷ் உதவாது. முழு செட்டையும் மாற்றத்தான் வேண்டும்.

எர்த்தைத் தேடுங்கள்: லைட் மங்கலுக்கு அதிகம் பேர் கவனிக்காத காரணம் இது. பல்பிலிருந்து வரும் எர்த் ஒயர், காரின் பாடியில் ஒரு போல்ட்டில் இணைந்திருக்கும். அங்கே துரு ஏறினால் மின்சாரம் தடைபடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினால் பல வண்டிகளில் வெளிச்சம் திரும்பிவிடும். செலவு? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை!

வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள்: என்ஜின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். லைட்டைப் போட்டுவிட்டு, பல்பு ஹோல்டரிலும் மல்டி மீட்டர் வைத்துப் பார்க்கட்டும். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், இடையில் உள்ள ஒயரோ, சுவிட்சோ, எர்த்தோ மின்சாரத்தைத் தின்கிறது. ஹாலஜன் பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால், வெளிச்சம் 10 சதவிகிதம் குறைவதோடு நிற்காது. ஏறத்தாழ 30 சதவிகிதம் போய்விடும். ‘புது பல்பு போட்டும் மங்கலாகவே இருக்கே’ என்று புலம்புபவர்களின் பிரச்னை பெரும்பாலும் இங்கேதான். இதற்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் தீர்வு ரிலே ஒயரிங். பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு மின்சாரம் வரும். சுவிட்ச் கட்டளை மட்டும் கொடுக்கும்.

பல்பை ஜோடியாக மாற்றுங்கள்: ஹாலஜன் பல்பு ஃபியூஸ் ஆவதற்கு முன்பே மெல்ல மெல்ல மங்கும். ஒன்று போனால் இரண்டையும் மாற்றுவது நல்லது. இல்லையென்றால் கார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதுபோல இருக்கும். மாற்றும்போது பல்பின் கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டால், அந்த இடம் அதிகமாகச் சூடாகி ஆயுள் குறைந்துவிடும். டிஷ்யூ பேப்பரால் பிடித்து மாட்டுங்கள்.

‘அதிக வாட்’ ஆசை வேண்டாம்!

பல கார்களில் கம்பெனி கொடுப்பது 60/55 வாட் ஹெச்4 பல்பு. அதாவது ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55. ‘வெளிச்சம் பத்தலை’ என்றதும் கடையில் 100/90 வாட் பல்பை நீட்டுவார்கள். 12 வோல்ட் கணக்கில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுத்தால், 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பெனி ஒயரும் ஹோல்டரும் அந்தச் சூட்டுக்குச் செய்தவை அல்ல. ஹோல்டர் உருகலாம், சுவிட்ச் கருகலாம்.

வெள்ளை எல்.இ.டி. பல்புகள் இன்னொரு ஆசை. ஹாலஜனுக்குச் செய்த கிண்ணத்தில், பல்பின் இழை எந்த மில்லி மீட்டரில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டே வளைவுகள் அமைத்திருப்பார்கள். அங்கே பொருந்தாத எல்.இ.டி.யை மாட்டினால், ஒளி போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் மேலேயும் பக்கவாட்டிலும் சிதறும். ஓட்டுபவருக்குக் காருக்கு முன்னால் பத்தடி தூரம் பளிச்சென்று தெரிவதால், ‘சூப்பர் லைட்’ என்று தோன்றும். எதிரே வருபவருக்கோ லோ பீமும் ஹை பீம்தான். கம்பெனியிலிருந்தே எல்.இ.டி. ஹெட்லைட்டோடு வரும் கார்களின் கதை வேறு. அவற்றின் வடிவமைப்பே அதற்கானது.

அந்தச் சின்னத் திருகு

பல கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு திருகு இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள் ஏராளம். ஹெட்லைட்டின் கோணத்தை இறக்கும் திருகு அது. ஓட்டுபவர் மட்டும், அல்லது முன்சீட்டில் இருவர் என்றால் 0. பின்சீட்டும் டிக்கியும் நிறைய நிறைய எண்ணைக் கூட்ட வேண்டும்.

ஒகேனக்கல்லுக்குக் குடும்பத்தோடு போய்விட்டு, டிக்கி நிறையச் சாமான்களோடு இரவில் திரும்பும்போது காரின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அப்போது உங்கள் லோ பீம் நேராக எதிராளியின் கண்ணுக்குப் போகும். ‘லோ பீம்தானே போட்டிருக்கேன், ஏன் லைட் அடிச்சுத் திட்டுறாங்க?’ என்று நீங்கள் குழம்பியிருந்தால், காரணம் இதுவாக இருக்கலாம்.

கோணம் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி காரை நிறுத்துங்கள். தரையிலிருந்து ஹெட்லைட்டின் நடுப்பகுதி எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். லோ பீம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குச் சுமார் 10 சென்டி மீட்டர் கீழே விழ வேண்டும். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால், இடது பக்கம் மட்டும் வெளிச்சம் கொஞ்சம் மேலே ஏறலாம். சாலை ஓரத்தில் நடப்பவர் தெரிவதற்கான ஏற்பாடு அது. வலது பக்கம் ஏறியிருந்தால் கோணம் தவறு.

எப்போது டிம் செய்ய வேண்டும்?

லாரிகளின் பின்னால் ‘யூஸ் டிப்பர் அட் நைட்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் வேண்டுகோள் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 106-வது விதி, முன்விளக்கு எதிரில் இருப்பவரின் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசாதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும், அல்லது ஓட்டுபவர் அப்படி இறக்கும் வசதி இருக்க வேண்டும். வசதியை கம்பெனி கொடுத்துவிட்டது. பயன்படுத்துவதுதான் நம் பங்கு.

* எதிரே வண்டி வரும்போது: வளைவுக்கு அப்பால் வெளிச்சம் தெரிந்தாலே டிம் செய்யுங்கள். ‘அவர் முதலில் இறக்கட்டும்’ என்று காத்திருக்க வேண்டாம்.
* முன்னால் வண்டி போகும்போது: உங்கள் ஹை பீம் அவருடைய கண்ணாடியில் பட்டு நேராக அவர் கண்ணுக்குத்தான் போகும். ஓவர்டேக் செய்ய ஒரு முறை லைட் அடித்தால் போதும்.
* ஊருக்குள்: தெருவிளக்கு எரியும் இடத்தில் ஹை பீமுக்கு வேலையே இல்லை.
* நடப்பவர், சைக்கிளில் வருபவர் எதிரே வந்தால்: அவரிடம் திருப்பி அடிக்க லைட் கிடையாது. அதற்காகவே முதலில் அவருக்கு டிம் செய்ய வேண்டும்.
* பனியில்: ஹை பீம் பனித்துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீமும், இருந்தால் ஃபாக் லேம்ப்பும்தான் சரி.
* யானை நடமாட்டம் உள்ள காட்டோரச் சாலையில்: யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஹை பீம் அடிப்பதும் ஹாரன் அடிப்பதும் அதை மிரளவைக்கும்.

டூவீலர்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017 ஏப்ரல் முதல் வந்த புது டூவீலர்களில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். பகலில் தெரியாமல் ஹை பீமுக்குத் தள்ளப்பட்ட சுவிட்ச் இரவிலும் அப்படியே இருந்துவிடுகிறது. கார், பைக் எதுவானாலும் மீட்டரில் நீல நிற விளக்கு எரிந்தால் ஹை பீம் ஓடுகிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். ‘அப்பா, நீல லைட் எரியுது!’ என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தால், அதைவிட நல்ல அலாரம் கிடையாது.

எதிராளி டிம் செய்யவே இல்லையா?

ஒரே ஒரு முறை டிம்-டிப் அடித்து நினைவுபடுத்துங்கள். அதற்கும் இறக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பழிக்குப் பழியாக நீங்களும் ஹை பீம் போட்டால், அதுவரை ஒரு டிரைவருக்குத் தெரியாமல் இருந்த சாலை இப்போது இரண்டு டிரைவர்களுக்கும் தெரியாது. இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் வந்துகொண்டிருக்கிறீர்கள்!

அந்த வெளிச்சத்தை நேராகப் பார்க்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். கோடு இல்லாத சாலையில் தார் முடியும் விளிம்பைப் பாருங்கள். சுத்தமாகத் தெரியவில்லை என்றால், இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டி நிறுத்துவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

டிராக்டர், டிரெய்லர் வைத்திருப்பவர்கள் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டினால், பின்விளக்கு பழுதான நாளிலும் அது காப்பாற்றும். ஹெட்லைட்டை டிம் செய்து வரும் நல்ல டிரைவருக்கு, முன்னால் இருட்டில் நிற்கும் வண்டி தெரிய வேண்டும் அல்லவா?

மங்கல் லைட்டிலா, கண்ணிலா?

எல்லாம் சரிசெய்த பிறகும் ‘தெரியலை’ என்றால், இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, முன் கண்ணாடியின் உள்பக்கம். அங்கே மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்திருக்கும்; எதிர் வெளிச்சம் பட்டதும் அது நட்சத்திரம்போல விரியும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள்.

இரண்டாவது, ஓட்டுபவரின் கண். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு எதிர் லைட்டைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ, முன்பைவிடக் கூச்சம் அதிகமானாலோ அது கண்புரையின் அறிகுறியாக இருக்கலாம். அப்பா திடீரென்று ‘ராத்திரியில ஓட்டப் பிடிக்கலை’ என்று சொன்னால், பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாமல் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் கண்புரை அறுவை சிகிச்சை இலவசமாகவே செய்யப்படுகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மூடியைத் துடையுங்கள், எர்த் போல்ட்டைத் தேய்க்கச் சொல்லுங்கள், இருட்டியதும் சுவரில் கோடு போட்டுப் பாருங்கள். லோ பீமிலேயே சாலை தெளிவாகத் தெரிய ஆரம்பித்துவிட்டால், ஹை பீமைத் தேடி கை தானாகப் போகாது. எதிரே பால் கேனோடு வருபவர் உங்களை ஏறிட்டும் பார்க்காமல் கடந்துபோவார். அவர் கண் கூசவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.